கதவுக்கு முன் நின்றவர்

எங்கள் அலுவலகம் இருந்த இரண்டாம் மாடி முன்பு பல் மருத்துவமனையாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்த அறையைத்தான் நாங்கள் ஆடும் அறையாக வைத்திருந்தோம். ஜன்னல் கிடையாது. கதவு கனம், சாத்திவிட்டால் தெருச் சத்தம் சுத்தமாக அடங்கிவிடும். உள்ளே ஒரு பெரிய திரை, ஒரு சாய்வு நாற்காலி, மேசைமேல் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு.

வீடியோ கேம்கள் வெளியாவதற்கு முன்பே அவற்றை ஆடிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது எங்கள் வேலை. 'விளையாடறதுக்கா சம்பளம் தர்றாங்க?' என்று என் அத்தை இன்றைக்கும் கேட்பாள். நாற்பது மணி நேரம் ஒரே மட்டமான ஆட்டத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

அந்த நோட்டுதான் எங்கள் சட்டப் புத்தகம். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எங்கே நிறுத்தினோம் என்பதெல்லாம் அதில் எழுத வேண்டும். கடைசிக் காட்சி வரை போனவர் 'முடித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மதிப்பெண்.

சட்டத்தைக் கொண்டுவந்தவரை நாங்கள் கரைகண்டவர் என்போம். எவ்வளவு கேவலமான ஆட்டமானாலும் முடிவைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார். முப்பது வருஷம் பொத்தான்களை அமுக்கி வலது கட்டைவிரல் வீங்கிப்போயிருந்தது. அதற்கு எப்போதும் தைலம் தடவிக்கொள்வார். பச்சை மைப் பேனாவால் மட்டுமே எழுதுவார். நான் எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறவள் என்று எனக்கு 'வெந்நீர்' எனப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த நாற்காலியிலேயே இறந்துபோனார். மாரடைப்பு. டீ கொண்டுபோன நான்தான் முதலில் பார்த்தேன். கன்ட்ரோலர் மடியில் கிடந்தது, திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"அவர் விட்டதை நீ முடிச்சிடும்மா. கொஞ்சம்தான் பாக்கி. அஞ்சு மணிக்கு விமர்சனம் போட்டாகணும்."

பதினொன்றேகாலுக்கு உள்ளே போனேன். நாற்காலியின் பஞ்சு அவருடைய முதுகின் அளவுக்கே குழிந்திருந்தது. தைல வாசனை போகவில்லை. ஒரு பழைய வீடு, கையில் விளக்கோடு ஒரு பெண், அறை அறையாகப் போய் விளக்கேற்றுகிறாள், ஆட்டம் அவ்வளவுதான். பத்தொன்பது அறைகளை அவர் முடித்திருந்தார். இருபதாவதை நான் முடித்தேன். அதைத் தாண்டி ஒரு நீண்ட நடை, அதன் கடைசியில் ஒரு கதவு.

எனக்கு உட்காரவே முடியவில்லை. நான்கு முறை திரும்பிப் பார்த்தேன். 'எழுந்திரு, அது என் இடம்' என்று யாரோ சொல்லப்போவதுபோல் ஒரு தவிப்பு. மூன்று மணிக்கு எல்லாவற்றையும் அணைத்தேன். நோட்டில் 'முடித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விமர்சனத்தின் கடைசி வரி இது: 'இவ்வளவு தூரம் நடந்துபோய்க் கதவைத் திறந்தால், உள்ளே ஒன்றுமில்லை.' பத்துக்கு நான்கு.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போக யாருக்கும் மனசு வரவில்லை. ஆசிரியர் பூட்டிச் சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் எனக்கு ஒரு போன் வந்தது. பெண் குரல். அந்த ஆட்டத்தைச் செய்தவள்.

"சண்டை போடக் கூப்பிடலீங்க. ஒரே ஒரு கேள்வி. கடைசி ரூமுக்குள்ள போனீங்களா?"

"போனேனே."

பொய் எவ்வளவு வழுக்கிக்கொண்டு வருகிறது.

"அங்க ஒரு குரல் கேக்கணும். நானும் என் வீட்டுக்காரரும் ஆறு வருஷமா செஞ்ச கேம் இது. போன வருஷம் அவரு போயிட்டாரு. படுக்கையில இருந்தபடியே அந்த ரூமுக்குப் பேசிக் குடுத்தாரு. அவரோடதுன்னு எங்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். நாலு மார்க்குக்கு நான் அழலீங்க. ஒண்ணுமில்லன்னு எழுதிட்டீங்க. என் தப்பால குரல் வராம போயிடுச்சோன்னு ஒன்பது நாளா தூக்கமில்ல."

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை.

"இன்னொண்ணும் கேக்கணும்," என்றாள். "முன்னாடியே குடுத்த கேம் காப்பி ஒவ்வொண்ணும் எதுவரைக்கும் போயிருக்குன்னு நெட் வழியா இங்க எனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் எடுத்துப் பாத்தேன். உங்களுது அந்தக் கதவுக்கு முன்னாடியே நிக்குது. உள்ள போகவே இல்ல."

"அணைச்சு வச்சிருக்கோம்ங்க."

"இல்லியே. தினமும் ஆடறீங்களே. இப்பக்கூட ஓடிட்டிருக்கு. அந்தப் பொண்ணு கதவைப் பாக்கறா, திரும்பிப் பாக்கறா, மறுபடி கதவைப் பாக்கறா. யாருக்கோ காத்திட்டிருக்க மாதிரி."

அலுவலக நடையின் கோடியைப் பார்த்தேன். கனத்த கதவு பூட்டியபடியே இருந்தது. ஆசிரியர் எதிரே உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

கதவின் கீழே, தரையோரம், நீலமாக ஒரு கோட்டு வெளிச்சம்.

போனை வைத்துவிட்டு, ஆசிரியர் மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனேன். பூட்டுத் துவாரம் கிடைக்க இரண்டு நிமிஷம் ஆனது.

திறந்ததும் தைல வாசனை முகத்தில் அடித்தது. சற்றுமுன் தடவிய தைலத்தின் வாசனை அது.

திரை எரிந்துகொண்டிருந்தது. விளக்கோடு அந்தப் பெண் கதவுக்கு முன் நின்றாள். மெல்லத் தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தாள்.

நாற்காலியில் யாருமில்லை.

குழிந்திருந்த பஞ்சு மட்டும், அப்போதுதான் யாரோ எழுந்து இடம் விட்டதுபோல், பொறுமையாக மேலே வந்தது.

கன்ட்ரோலர் சூடாக இருந்தது. வலது பொத்தானில் பிசுக்கென்று தைலம். நோட்டைத் திறந்தேன். நான் எழுதிய 'முடித்தேன்' மீது பச்சை மையில் ஒரே ஒரு கோடு. அதன் கீழே ஒன்பது நாள்களுக்கு ஒன்பது வரிகள். உள்ளே போன நேரம் ஒவ்வொரு நாளும் காலை பதினொன்றேகால். வெளியே வந்த நேரம் எழுதப்படவில்லை. எங்கே நிறுத்தியது என்ற இடத்தில் ஒன்பது முறையும் ஒரே சொற்கள்: கதவுக்கு முன்.

ஓடியிருக்கலாம். ஓடுவதில் நான் கெட்டிக்காரி. ஆனால் தூக்கமில்லாமல் கிடக்கும் அந்தப் பெண்ணின் குரல் காதைவிட்டுப் போகவில்லை. வெட்கம் பயத்தைவிடக் கனமாக இருந்தது. உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்து உள்ளே போனதும் விளக்கு அணைந்தது. திரை முழுக்க இருட்டு. பிறகு அந்தக் கணவரின் குரல், மூச்சு வாங்கி வாங்கி.

"வந்துட்டியா? இவ்ளோ தூரம் நிறையப் பேரு வர மாட்டாங்க. உக்காரு. கொஞ்ச நேரம் இருட்டாத்தான் இருக்கும். நான் இருக்கேன்."

அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசினார். எந்த அறைக்கு எந்த நிறம் பூச ஆசைப்பட்டார், எதில் மனைவியோடு சண்டை வந்தது, கடைசியில் எப்படித் தான் தோற்றார். எனக்குக் கண்ணீர் தாரையாக வழிந்தது. இதையா ஒன்றுமில்லை என்று எழுதினேன்? என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

பேசியவர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

அது திரையிலிருந்து வரவில்லை. என் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

நான் எழப்போனேன்.

"இன்னும் முடியல, வெந்நீரு."

காதோரம், தணிந்த குரலில். நான் அசையவில்லை. திரும்பவும் இல்லை. அந்த அறையில் இரண்டு பேரின் குரலையும் கேட்டேன்; இரண்டு பேருமே இறந்துபோனவர்கள். செய்தவர்களின் பெயர்கள் ஓடி முடியும்வரை கண்ணை மூடாமல் பார்த்தேன். முடிந்ததும் நோட்டை இழுத்து, எழுத்து கோணலாகப் போகப் போக, 'இப்போது முடித்தேன்' என்று எழுதினேன்.

வெளியே வந்து ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பச்சை மையையும் மூச்சுச் சத்தத்தையும் தவிர. மதிப்பெண்ணை ஒன்பதாக்க வேண்டும் என்றேன்.

"நாலு போட்டதை ஒன்பதாக்கணுமா? என்ன, ஏலமா விடறோம்? நம்ம மானம் என்னாகறது?"

"மானம் போனது பொய் எழுதினப்பவே சார். 'முடிவைப் பாக்காம எழுதினேன், தப்பு என்னுது'ன்னு என் பேரைப் போட்டே எழுதறேன்."

எழுதினேன். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"குரல் நல்லா வருதுங்க. ஒரு தப்பும் இல்ல. பொய் சொன்னது நான்தான். மன்னிச்சிருங்க."

அவள் கேட்டாள். "கடைசில என்ன சொல்றாரு?"

"'விளக்கைத் தேடாத, கண்ணு பழகட்டும், நீயே பாத்துக்குவ'ன்னு."

"ஆமா," என்றாள். "எங்கிட்டயும் அதான் சொன்னாரு."

அந்த மாதமே வேலையை விட்டேன். இப்போது வேறொரு பத்திரிகைக்கு வீட்டிலிருந்தே எழுதுகிறேன். இங்கே அந்த அறை இல்லை, நீல நோட்டும் இல்லை. நான் எதை எங்கே நிறுத்தினேன் என்று கேட்க ஆளில்லை.

நேற்றுக் காலை ஒரு கார்ப் பந்தய ஆட்டம். அறுவையென்றால் அப்படி ஓர் அறுவை. பதினைந்து சுற்றில் ஆறு முடிந்ததும் பொறுமை போய்விட்டது. கன்ட்ரோலரின் பாட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டுவிட்டு, விமர்சனத்தின் முதல் வரியை அடித்தேன்: 'முழுவதும் ஆடிப் பார்த்ததில்…'

மேசைமேல் கன்ட்ரோலர் அதிர்ந்தது.

ஒரு முறை. பிறகு இன்னொரு முறை.

ஜன்னல் திறந்திருந்தது, நல்ல வெயில், கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் மீறித் தைல வாசனை வந்தது. சோபாவில் எனக்குப் பக்கத்து மெத்தை, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு, மெதுவாக அமுங்கியது.

அடித்த வரியை அழித்தேன். பாட்டரியை எடுத்து மறுபடி போட்டேன். இன்னும் ஒன்பது சுற்றுகள் பாக்கி இருந்தன.