மறதிக்கதவு

உடுமலைப்பேட்டையில் நறுமுகையின் மனநல ஆலோசனை மையத்துக்கு வருகிறவர்கள் முதலில் கதவைத்தான் பார்ப்பார்கள். நிலையில் பச்சை விளக்கு எரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள். அது மறதிக்கதவு. வந்தவர் பேசி முடித்து வெளியே போய்க் கதவு சாத்தியதும், நறுமுகையின் காதுக்குப் பின்னால் பதித்த வில்லை அந்த ஒரு மணி நேரத்தை அவள் நினைவிலிருந்து துடைத்துவிடும். வந்தது யார், அழுதாரா சிரித்தாரா, ஒன்றும் மிஞ்சாது. குறிப்பு எழுதி வைக்கவும் சட்டத்தில் இடமில்லை.

எல்லாம் ஊர் வாய்க்குப் பயந்து வந்த வினை. கதவு வைப்பதற்கு முன் இரண்டு வருஷம் அவள் ஈ ஓட்டினாள். மனசு சரியில்லை என்று ஒருத்தர் படியேறினால் பொழுது சாய்வதற்குள் பெண் கொடுக்க இருந்தவர்கள் பின்வாங்கிவிடுகிற ஊர் அது. நறுமுகை யாரிடமும் மூச்சு விடமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கல்யாணப் பந்தியில் அவள் எதிரே உட்கார்ந்தால், வந்து போனவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கே ஒன்றும் தெரியாது என்று ஆன பிறகு பாருங்கள், கூட்டம் அள்ளியது. வாடகையைக் கண்டு நடுங்கியவள் பக்கத்து அறையையும் சேர்த்துப் பிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். பெயர் தாரணி என்றார்.

"முதல் தடவையாம்மா?"

"ஒம்பதாவது தடவைங் கண்ணு."

நறுமுகை சிரித்தாள். இந்தத் தொழிலில் இது சகஜம்.

"எம் பையன் நிதிலன்" என்றார் தாரணி. "இருவத்தாறு வயசு. மில்லுல சூப்பர்வைசருங். உங்ககிட்ட பதினாலு தடவ வந்தான். கடைசியா வந்துட்டுப் போன அன்னைக்கே அவனா உசுர விட்டுட்டானுங்."

நிதிலன், நிதிலன் என்று நறுமுகை உள்ளே தேடினாள். ஒரு முகமும் வரவில்லை.

"என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாதேம்மா."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியுமுங்." தாரணி முந்தானையைச் சரிசெய்தார். "மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தீங்களாமா. பதினாலு தடவையும் அதையேதான். மொதல்ல வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங். அப்பறம் சிரிக்கறத நிறுத்திட்டான்."

அப்போதுதான் நறுமுகைக்கு விளங்கியது. ஒவ்வொரு தடவையும் அவள் கண்டது கொஞ்சம் சோர்ந்துபோன ஒரு புது ஆளை. தூக்கம் குறைச்சல், பசியில்லை, சரியாகிவிடும் என்று அனுப்பியிருப்பாள். பதினான்கு நாளையும் சேர்த்துப் பார்த்தவளுக்கல்லவா தெரியும், பையன் படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறான் என்று? சேர்த்துப் பார்க்கத்தான் அவளிடம் ஒன்றுமே இல்லையே. பாவி, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே விட்டுவிட்டேனே என்று அவள் உடைந்து அழுதாள்.

"இன்னைக்கே இந்தக் கதவப் பிடுங்கி எறிஞ்சிடறேன்மா."

"போன வாரமும் இதத்தானுங் சொன்னீங்க."

நறுமுகை காதுக்குப் பின்னால் கையை விட்டு வில்லையை நகத்தால் பெயர்க்கப் பார்த்தாள். எலும்போடு பதித்தது, எங்கே வரும்? தாரணி எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதையும் எப்பவும் பண்றீங்க. ரத்தம் வருது பாருங், விடுங் கண்ணு."

"அப்புறம் ஏம்மா என்கிட்ட வர்றீங்க? நான் மறந்துடுவேனே."

"அதுக்குத்தானுங் வர்றேன். சொந்தபந்தமெல்லாம் அழுது முடிச்சாச்சு. அவம் பேர எடுத்தாலே, இன்னும் எத்தன நாளைக்குன்னு மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் இன்னைக்குத்தான் செத்தான்ங்கற மாதிரி அழறீங்க."

மணி பன்னிரண்டு ஆனது. நறுமுகை அவர் கையை விடவில்லை. தாரணிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

கன்னம் ஈரமாக இருப்பதையும் காது எரிவதையும் நறுமுகை உணர்ந்தாள். யாரோ பெரிய பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் போல, நல்லது என்று நினைத்துக்கொண்டு முகம் கழுவினாள். மேசைமேல் இருந்த கணினித் திரையில், வந்து போனவர் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருந்தார். அதற்குக் கீழே கதவு நிறுவனத்தின் படிவம் காத்திருந்தது. இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

'உங்களிடம் வந்தவர்களில் யாரையேனும் இழந்ததுண்டா?'

அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. இல்லை என்று தொட்டுவிட்டு, கையெழுத்தும் போட்டாள். அவளுக்குத் தெரிந்தவரை அது சத்தியமான பதில்தான்.