அஞ்சேல் நிறுவனத்தின் முதல் நாள்

கோவையில் பங்கு வாங்குகிறவர்கள் இப்போது விலைப் பலகையை வெறித்துக்கொண்டு உட்காருவதில்லை. மணிக்கட்டில் அச்சமானியைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கிறார்கள். அந்தக் கருவியைச் செய்த பூங்கோதையின் ‘அஞ்சேல்’ நிறுவனம் அன்று காலை பத்து மணிக்குப் பங்குச் சந்தைக்கு வந்தது. அவிநாசி சாலை அரங்கின் மேடையில், தன் கருவியைத் தானும் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரி போல அவள் நின்றாள்.

முன்பெல்லாம் நட்டத்துக்கு வரம்பு கட்ட ஸ்டாப்லாஸ் போடுவார்கள். ‘தொண்ணூறுக்கு இறங்கினால் விற்றுவிடு.’ நிஜமாகவே இறங்கும்போது கை சும்மா இருக்குமா? ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போமே’ என்று வரம்பை எண்பதுக்குத் தள்ளுவார்கள், அப்புறம் அறுபதுக்கு. ஆசை யாரை விட்டது! அச்சமானியோ விலையைக் கேட்காது, நாடியைக் கேட்கும். நாடி எல்லை தாண்டினால் அதுதான் பயம் என்று கொண்டு, கட்டியவரின் பங்குகளை மும்பை, சிங்கப்பூர், லண்டன், புதிதாகத் திறந்த நிலா என நான்கு சந்தைகளிலும் எங்கே வாங்க ஆள் இருக்கிறதோ அங்கே, கிடைத்த விலைக்கு விற்றுத் தீர்த்துவிடும். நடுவில் யாரும் தடுக்க முடியாது. மனிதர்களைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்பது பூங்கோதையின் எண்ணம்.

மணி அடித்தது. நூறு ரூபாய்ப் பங்கு நூற்றெழுபதானது, இருநூறைத் தாண்டியது. அரங்கமே எழுந்து கைதட்டியது. பூங்கோதைக்கு உச்சி குளிர்ந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. அவள் வாழ்நாளில் இத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

மணிக்கட்டு ஒருமுறை அதிர்ந்தது.

நிதி பார்க்கும் சென்னியப்பன் மேடைக்கே ஓடி வந்தான்.

“அக்கா, உங்க பங்கு அத்தனையும் வித்துப்போச்சுங்க்கா. நாலு சந்தையிலயும். கம்பெனியே இப்ப உங்களுது இல்லீங்க.”

“வெல ஏறிக்கிட்டுத்தானடா இருக்குது? நான் எங்க பயந்தேன்?”

“அதுக்கு அதெல்லாம் தெரியாதுங்க்கா. நாடி ஏறுச்சு, வித்துருச்சு.”

சோதனைக்கூடத்தில் ஐந்து வருடம் பயத்தை அளந்தார்கள். சந்தோஷத்தை அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிறுவனரே விற்றுவிட்டார் என்ற செய்தி பலகையில் ஓடியது. விலை நூற்றைம்பதுக்கு வழுக்கியது. நிருபர் ஒருத்தி எழுந்தாள்.

“ஒரே கேள்விங்க மேடம். மெஷின் தப்புப் பண்ணிருச்சா, இல்ல நீங்க பயந்துட்டீங்களா?”

கருவி தவறு என்றால் அஞ்சேல் இன்றே செத்துவிடும். அறுநூறு பேருக்கு வேலை போகும். பயந்தேன் என்றால் தன் மானம் மட்டும்தான் போகும். நிறுவனம்தான் ஏற்கெனவே கையைவிட்டுப் போயிற்றே! பூங்கோதைக்கு முடிவெடுக்க ஒரு நொடி போதும்.

“பயந்தேனுங்க,” என்றாள் சிரித்துக்கொண்டே. “எனக்கே தெரியாம உள்ளுக்குள்ள பயந்திருக்கேன். அது கண்டுபுடிச்சிருச்சு. பெத்தவளையே விடல, பாருங்க!”

அரங்கம் அதிர்ந்தது. இப்பேர்ப்பட்ட நேர்மையான கருவியா! விலை முந்நூறு, நானூறு என்று துள்ளியது. அங்கே இருந்த அத்தனை பேரும் அஞ்சேல் பங்குதாரர்கள். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், விசிலடித்தார்கள். பொய் சொன்னாலும் அறுநூறு பேர் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

அப்போது முன்வரிசையில் ஒரு மணிக்கட்டு அதிர்ந்தது. பிறகு வரிசை வரிசையாக, வெளியே ஊர் முழுவதும். விற்பவர்கள் நாற்பதாயிரம் பேர், வாங்க ஒருவரும் இல்லை. சிங்கப்பூரில் விலை எண்பதானது, லண்டனில் முப்பது, நிலாவில் ஒன்பது.

முன்வரிசையில் இருந்த பெரியவர், வாயெல்லாம் சிரிப்பு இன்னும் மாறாமல், மேடையை அண்ணாந்து பார்த்தார்.

“ஏனுங்கம்மா, எனக்குச் சந்தோசமாத்தானுங்க இருந்துச்சு. நானும் உள்ளுக்குள்ள பயந்துட்டனுங்களா?”

நிருபரின் ஒலிவாங்கி அவளையே பார்த்து நீண்டிருந்தது.

“ஆமாங்க,” என்றாள் பூங்கோதை.

அதைக் கேட்ட பிறகுதான் அவர் முகத்தில் பயம் வந்தது.