ஒரு மூச்சு இடைவெளி

காலையில் பல் விளக்குவதற்கு முன்பே தமயந்தி தன் கண்களைக் கணவனுக்குத் திறந்துவிடுவாள். காரைக்குடியில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்த உடனிழை வழியாக ஒருவர் பார்ப்பதை இன்னொருவர் பார்க்கலாம், கேட்கலாம். விரும்பினால் நாக்கின் ருசியைக்கூட அனுப்பலாம். கதிரேசனுக்கு நிலவில், மின்நிலையத்தில் வேலை. அங்கே போனதிலிருந்து அவனுக்கு ஊர் என்பது அவளுடைய கண்கள்தான்.

"இடது பக்கம் திரும்பு. அந்த வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் பாரு" என்பான். அவள் திரும்புவாள். "போதுமா?" என்று கேட்டால், ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் கழித்தே பதில் வரும். சொல் நிலவுக்குப் போய்த் திரும்ப அவ்வளவு நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் அவள் அவன் முகத்தைக் கற்பனை செய்துகொள்வாள்.

ஆனால் தன் கழுத்து தனக்காகத் திரும்பிப் பல வருஷம் ஆகிவிட்டதாக அவளுக்குத் தோன்றத் தொடங்கியது. சென்னைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறாள், கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும். ஒருமுறைகூட அந்த ஊரைத் தான் பார்த்ததில்லை, காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். ஒரே ஒரு நாள் தனியாகச் சுற்ற வேண்டும். ஆனால் அவனிடம் கேட்பது எப்படி? உன் பார்வை எனக்குப் பாரமாக இருக்கிறது என்று, மண்ணும் மரமும் இல்லாத இடத்தில் கிடப்பவனிடம் சொல்ல முடியுமா?

அடுத்த வீட்டு ரெஜினாதான் வழி சொன்னாள்.

"நிழலி போட்டுக்கோ. உன் பழைய நாளையெல்லாம் கலந்து புதுசா ஒரு நாள் செஞ்சு அவருக்குக் காட்டும். உன் குரல்லயே பேசும்."

"ஏமாத்துற மாதிரி இருக்கேடி."

"ஊர்ல பாதிப் பேர் போட்டிருக்காங்க. நீ ஒருத்திதான் உத்தமி!"

அப்படித்தான் அன்று நிழலியை ஓடவிட்டு அவள் ரயிலேறினாள். எழும்பூரில் இறங்கி, அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல அம்மனின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பின்னல் எவ்வளவு நுணுக்கம்! யாரும் முன்னால் வரச் சொல்லவில்லை. மதியம் படகேறினாள். கடல் ஊருக்குள் வந்த பிறகு பழைய கடற்கரைச் சாலையின் மேல் கண்ணாடித் தரைப் படகுகள் ஓடின. படகு கிளம்புமுன் கரையில் நின்ற சுண்டல்காரர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"ருசி எத்தனை பேருக்குப் போகணும்க்கா? காரம் பார்த்துப் போடணும்ல."

"எனக்கு மட்டும்தான்."

கரண்டி நின்றது. "என்னக்கா, வீட்ல சண்டையா?"

அவள் சிரித்துச் சமாளித்தாள். படகு நகர்ந்தது. அடியில், நீருக்குள், ஒரு போக்குவரத்து விளக்குக் கம்பம் நின்றிருந்தது. சிவப்பு விளக்கு இருந்த பொந்துக்கு முன்னால் மஞ்சள் மீன்கள் ஒரு கூட்டமாக அசையாமல் நின்றன, பச்சை விழக் காத்திருப்பதுபோல.

"என்னங்க, இங்க பாருங்களேன்!"

பழக்கத்தில் கதிரேசனைக் கூப்பிட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பவில்லை. வாய்க்குள் சுண்டல் ருசியற்றுப் போனது. தனியாகப் பார்க்க வந்தவளுக்கு, பார்த்ததை வைத்துக்கொள்ள இடம் போதவில்லை.

இருட்டும் நேரத்தில் கரைச்சுவரில் சாய்ந்து நிழலியை அணைத்து உடனிழையைத் திறந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"என்னங்க, நான் சென்னையில இருக்கேன். உங்களை..."

"நல்லது. வெயில்ல அலையாதே. சாப்பிட்டியா?"

அவள் வானத்தைப் பார்த்தாள். வெயில் போய் வெகுநேரமாகியிருந்தது. பதில் உடனே வந்திருந்தது. சொல் நிலவுக்குப் போகவே இல்லை.

"நீங்கதானே பேசுறது?"

குரல் மரியாதைக்கு மாறியது. "நான் கதிரேசனின் நிழலி. நேராகக் கேட்டால் மறைக்கக் கூடாது என்பது விதி."

"எப்பத்திலிருந்து?"

"அதைச் சொல்ல அனுமதி இல்லை."

அந்த இடைவெளி எப்போது காணாமல் போனது? போன மழைக்கா, அதற்கும் முன்பா? தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது என்று நினைத்தாளா, நினைக்கக்கூட இல்லையா?

"இன்று பகல் உங்கள் நிழலியோடு மனம்விட்டுப் பேசினேன்" என்றது குரல். "சாப்பிட்டியா என்று கேட்டேன். சாப்பிட்டேன், நீங்க சாப்பிட்டீங்களா என்று அது கேட்டது."

தமயந்தி அதை அவனிடம் கடைசியாக எப்போது கேட்டாள்? எந்தப் பழைய நாளிலிருந்து அந்தக் கேள்வியை நிழலி தேடி எடுத்ததோ!

அங்கே அவனும் இப்போது ஏதோ ஒரு சன்னலில், யாருக்கும் காட்டாமல், பூமியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்த்ததை வைத்துக்கொள்ள அவனுக்கு இடம் இருக்கிறதா?

சுவர் நெடுகிலும் ஜனங்கள் நின்றார்கள். ஒவ்வொருவரும் கழுத்தை மெல்ல இடமிருந்து வலமாகத் திருப்பி, வீட்டிலிருப்பவர்களுக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "தெரியுதா? நல்லா தெரியுதா?" என்றார்கள். கேட்ட மறுகணமே தலையாட்டிக்கொண்டார்கள்; எல்லோருக்கும் பதில் உடனுக்குடன் வந்துகொண்டிருந்தது.

தூரத்தில் ஒரு கப்பல் விளக்கேற்றிக்கொண்டது. தமயந்தி கழுத்தை இடது பக்கம் திருப்பி, அவன் கேட்டிருந்தால் எவ்வளவு நேரம் பார்ப்பாளோ அவ்வளவு நேரம் பார்த்தாள்.

"கப்பல் தெரியுதாங்க?"

"தெரியுது. ரொம்ப அழகா இருக்கு."

அவள் ஒரு மூச்சு இழுத்துவிட்டாள். பிறகுதான் அந்தப் பதிலைக் கேட்டதாக வைத்துக்கொண்டாள்.