ஏழாம் கட்டிலுக்குத் தண்ணீர்

நனைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தட்டி காய்ந்திருந்தது.

என்னதான் சித்திரை வெயில் என்றாலும் அப்படிக் காயாது. பெண்கள் வார்டின் சன்னல்களில் தொங்கும் வெட்டிவேர்த் தட்டிகளுக்கு உச்சிப்பொழுதில் தண்ணீர் தெளிப்பது பயிற்சி நர்சின் வேலை. ஒருமுறை நனைத்தால் சாயங்காலம் நோயாளிகளுக்குக் கஞ்சி வரும்வரை அந்த ஈரமணம் அறையில் நிற்கும். எஸ்தர் கையிலிருந்த குவளையின் விளிம்பில் இன்னும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தட்டியை விரலால் தொட்டாள். வேர் மொடமொடவென்று நொறுங்கித் தரையில் தூசியாக விழுந்தது.

அன்று ஊரே வைகையில் கிடந்தது. விடியற்காலையில் அழகர் ஆற்றில் இறங்கியிருந்தார். கொட்டுச் சத்தமும் கோவிந்தா கோஷமும் வெயிலோடு சேர்ந்து சன்னல் வழியாக வந்தன. தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல். நீ யார், எந்த ஊர் என்று கேட்காமல் வருகிறவர் கையில் பானகமும் நீர்மோரும் ஊற்றுகிற நாள். நடக்க முடிந்த நோயாளிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் கண்ணயர்ந்து கிடந்தார்கள். ஹெட் நர்ஸ் தேவகிருபை சாப்பிடப் போயிருந்தாள். எஸ்தர் தனியாக இருந்தாள்; ஏழாம் கட்டில் பக்கம் மட்டும் பார்க்காமல் இருந்தாள்.

அது காலிக் கட்டில். முந்தாநாள் அவளே லோஷன் போட்டுத் துடைத்து, மெத்தையைச் சுருட்டி வைத்தது.

நர்ஸ் வேலைக்கு நல்ல குடும்பத்துப் பெண் வரமாட்டாள் என்று ஊர் சொல்லும். வந்த பெண்களோ தங்களுக்குள்ளேயே நல்ல குடும்பம் பார்ப்பார்கள். விடுதியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்கு எழுதாத சட்டம் உண்டு. எஸ்தர் வந்து சேர்ந்த வாரத்திலேயே, சேரியிலிருந்து வந்த ஒரு பெண் நீட்டிய தண்ணீரை ஒரு நோயாளி தட்டிவிட்டதைப் பார்த்தாள். அந்தப் பெண் குனிந்து தரையைத் துடைத்துவிட்டு, மறுநாள் ஊருக்கு வண்டி ஏறிவிட்டாள். எஸ்தருக்கு அது போதுமான பாடம். திருநெல்வேலிப் பக்கம் நிலபுலன் உள்ள வீடு, அப்பனும் ஆத்தாளும் காலராவில் போய்விட்டார்கள் என்று சொல்லிவைத்தாள். பழங்காநத்தத்து வயக்காட்டில் கூலிக்கு நாற்று நடும் ஒச்சம்மாளின் மகள் சோணையம்மாள் அன்றோடு செத்துப்போனாள்; எஸ்தர் மட்டும் மிஞ்சினாள்.

அந்த ஒச்சம்மாள்தான் ஏழாம் கட்டிலுக்கு வந்தாள். வயிற்றில் கட்டி. யாரோ வண்டியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவள் கண் மகளைத்தான் தேடிப் பிடித்தது. "சோணை," என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. பக்கத்துக் கட்டில் மரியம் பீவி விழித்திருந்தாள். எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏழாம் கட்டிலைச் சுற்றி மறைப்புத் திரையை இழுத்துவிட்டாள்.

மறுநாள்வரை குடிக்கத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்கலாம், அதுதான் நர்சின் வேலை என்பது அவளுக்குத் தெரியாதா? கிட்டே போனால் அந்தப் பெயர் வந்துவிடுமே என்று போகவில்லை.

பெற்றவளுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்குப் பின்னாலிருந்து சன்னமாக ஒரு குரல் கேட்டது.

"நர்சம்மா... நாக்கு ஒட்டுது நர்சம்மா... கொஞ்சம் தண்ணி."

அதன்பிறகு ஒரு தடவைகூட அவள் சோணை என்று கூப்பிடவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

"இதுக்குச் சொந்தக்காரங்க யாராவது உண்டா?" என்று கேட்டாள் தேவகிருபை.

"தெரியலைங்க சிஸ்டர்."

உடம்பைத் துடைத்து, தாடை தொங்காமல் மோவாய்க்கடியில் துணி கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டது எஸ்தர்தான். தேவகிருபை இழுத்துப் பார்த்தாள். "எஸ்தர் போட்ட கட்டு அவிழாது," என்று மற்றப் பெண்களிடம் மெச்சிக்கொண்டாள். கேட்பாரற்ற பிணமென்று முனிசிபாலிட்டி வண்டி அள்ளிக்கொண்டு போனது. வாய்க்கரிசி போட ஒருவரும் இல்லை. போட வேண்டியவள் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெட்கம் இரண்டு நாளாக அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. ஆத்தாளைப் பார்த்து வெட்கப்பட்டதை நினைத்து வந்த வெட்கம். அதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

தட்டிக்கு மறுபடி தெளிக்கலாம் என்று மண்பானையைத் திறந்தாள். காலையில் மலையம்மாள் ஆயா வாய்வரை நிரப்பிய பானை. அடியில் கொஞ்சம் மணல்தான் இருந்தது. வெப்பமானிகளை முக்கி வைக்கும் கண்ணாடிக் குவளையும் வறண்டு, உள்ளே கண்ணாடிக் குச்சிகள் ஒன்றோடொன்று சாய்ந்திருந்தன.

"ஏ நர்சு புள்ள," என்றாள் மரியம் பீவி. தலையணையில் சாய்ந்து வெள்ளிக் கூஜாவைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். "என் கூஜாத் தண்ணியை ஆரு குடிச்சது? மத்தியான லுஹர் பாங்கு சொல்லயில நெறையா இருந்துச்சே."

"ஆயா வந்ததும் கொண்டாரச் சொல்றேன், பீவியம்மா."

"எனக்கு வேணாம்மா. அந்தப் பொம்பளைக்கு மொதல்ல குடு. எம்புட்டு நேரமாக் கேக்குது, பாவம்."

"எந்தப் பொம்பளை?"

மரியம் பீவி காய்ச்சலில் கண் செருகி, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒட்டிக்கொண்ட நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரியும் சத்தம். ட்ச. மயக்கம் தெளிந்தவர்களின் வாய்களில் அவள் எத்தனையோ தடவை கேட்டது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி. ட்ச. வெட்டிவேர் மணம் போன இடத்தில் வேறு ஒரு வாடை வந்தது. வெயிலில் காய்ந்த சேறு, நாற்றங்கால், வியர்வை ஊறிய சேலை. வயக்காட்டிலிருந்து திரும்பிய ஆத்தாளின் மடியில் முகம் புதைத்துத் தூங்கிய வாடை.

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள்.

மூலையில் மடக்கி வைத்திருந்த மறைப்புத் திரை ஏழாம் கட்டிலைச் சுற்றி நின்றது. திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள் தொங்கின. வெடித்த குதிகால்கள். வெடிப்புக்குள் வயல் மண். கால் பெருவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

ஓடியிருக்கலாம். கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவையும் ஓடினால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. கை கழுவும் எனாமல் பேசினில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. படுத்திருப்பவர்களுக்குப் புகட்டும் மூக்குவைத்த கோப்பையில் அதை மொண்டாள். தூக்கும்போதே பாதி சிந்தியது. சிந்தியது தரையில் விழவே இல்லை.

திரையை விலக்கினாள்.

ஒச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். மோவாயைச் சுற்றித் துணிக்கட்டு. உச்சந்தலையில் முடிச்சு. கண்கள் மட்டும் கோப்பையைப் பார்த்தன. கட்டுக்குள்ளே தாடை அசைந்தது. ட்ச.

எஸ்தர் முடிச்சில் விரல் வைத்தாள். நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்ந்தது.

வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. உள்ளே கோடைக் கண்மாய்போல நாக்கு பாளம்பாளமாக வெடித்திருந்தது.

"நர்சம்மா," என்றது அந்த வாய், மரியாதையாக. "கொஞ்சம் தண்ணி."

"ஆத்தா, சோணைன்னு கூப்பிடாத்தா," என்றாள் அவள். கோப்பையைச் சாய்த்தாள். தண்ணீர் நாக்கைத் தொடுமுன்பே காணாமல் போனது.

"நர்சம்மா. கொஞ்சம்."

"நாந்தான் ஆத்தா. ஒன் சோணை."

"நர்சம்மா."

வாசலில் பூட்ஸ் சத்தம். படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விழித்துத் தலையைத் தூக்கினார்கள்.

"எஸ்தர்!" தேவகிருபையின் குரல். "திரைக்குப் பின்னால யாருகிட்டப் பேசுற? ஆத்தாங்கிற, சோணைங்கிற, யாரது?"

இதோ, இப்போது சொல்லிவிடலாம். என் ஆத்தா. என்னைப் பெற்றவள். இரண்டே வார்த்தை. ஒச்சம்மாள் வாயை மூடிக்கொண்டு மகளின் முகத்தையே பார்த்தாள். வெடித்த உதட்டில் ஓர் ஆசை வந்து நின்றது.

விடுதியின் சாப்பாட்டு வரிசை எஸ்தரின் கண்ணில் வந்தது. தட்டிவிடப்பட்ட தண்ணீர் வந்தது. பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"யாருமில்லைங்க சிஸ்டர்."

சொல்லி முடித்ததும் வாய் சேர்ந்துகொண்டது. இல்லை சிஸ்டர், இது என் ஆத்தா என்று கத்தப் போனாள். பல் பிரியவில்லை. கையைத் தூக்கி மோவாயைத் தொட்டாள். துணி. காதோரமாக மேலே போகும் துணி. நர்ஸ் தொப்பிக்கு அடியில், உச்சந்தலையில், தட்டையாக, அழகாக ஒரு முடிச்சு. இழுத்தாள். இறுகியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ட்ச.

தேவகிருபை திரையை விலக்கினாள். அவள் கையிலிருந்த மருந்துத் தட்டு தரையில் விழுந்து உருண்டது. பின்னால் யாரோ வீறிட்டார்கள்.

கட்டிலில் ஒச்சம்மாள் யாரையும் பார்க்கவில்லை. காலிக் கோப்பையின் மூக்குக்குக் கீழே முகத்தை ஏந்தி, வாயைத் திறந்து, குழந்தைபோலக் காத்திருந்தாள்.

"அவசரமில்ல நர்சம்மா," என்றாள். "இங்கனதான இருக்கப்போறேன்."