காலிக் கிணறு

கதவு அறைந்த வேகத்தில் சுவரிலிருந்த கடிகாரம் ஆடியது.

"அம்மாவைக் காணோம்," என்றாள் உள்ளே வந்தவள், மூச்சிரைக்க.

உதவியாளன் அஹ்னாப் பேனாவை எடுத்தான். "வயசு?"

"அம்மா பொம்மைங்க அது. ஒரு சாண் உயரம்."

துப்பறிவாளர் கஜலட்சுமி தேநீரைக் கீழே வைக்கவில்லை. "உக்காந்து சொல்லுங்க."

வந்தவள் சிந்துஜா. பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படமெடுத்து, அவற்றை ஓட்டிச் சினிமாவாக்குபவள். யசோதினி பல வருடங்களுக்கு முன் எழுதிய 'நிழல் கிணறு' என்ற சிறுவர் நாவல்தான் இப்போது படமாகிறது. அதில் கிணற்றுக்குள் இறங்கிய அம்மா திரும்பி வருவதே இல்லை. முதல் போட்டவர்களோ, அவள் ஏறி வந்தே தீரவேண்டும் என்கிறார்கள்.

"முதல் போட்டவங்க நாலு மணிக்கு அந்தக் காட்சியப் பார்க்க வராங்க. அவங்களோட ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா பொம்மை இல்ல. படம் நின்னுடும் மேடம்."

"யார் இருந்தாங்க?"

"யசோதினி. காலையிலயே சண்டை, 'அவ திரும்பி வந்தா அது என் கதையே இல்ல'ன்னு. பொம்மையை நகர்த்துற ரவிகுமார் கடைக்குப் போயிருந்தானாம்."

ஆள் தெரிந்துவிட்டதே என்று அஹ்னாபுக்குக் கால் பரபரத்தது.

சிந்துஜா படமெடுக்கும் இடம், அம்பிட்டிய வீதியில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. தகரக் கூரையில் குரங்குகள் ஓடிக்கொண்டே இருந்தன. அஹ்னாப் உள்ளே ஓரடி வைத்தான்.

"அந்தப் பலகையில மிதிக்காதீங்க சேர்," என்று ரவிகுமார் கையை நீட்டித் தடுத்தான். "கெமரா ஒரு நூல் நகர்ந்தாலும் பழைய இடத்துக்கு வராது."

கெமரா கடைசியாக எடுத்த படத்தைக் கணினியில் கஜலட்சுமி பார்த்தார். கிணறு மட்டும் இருந்தது. முந்தைய படத்தோடு மாற்றி மாற்றி வைத்தார். பாசியும் கயிறும் அசையவில்லை. அம்மாவும், அவளைத் தாங்கிய கம்பியும் மட்டும் இல்லை.

"பொம்மையை எடுக்கும்போது யசோதினி கை பட்டு கெமரா பட்டன் அமுங்கியிருக்கும்," என்று கிசுகிசுத்தான் அஹ்னாப்.

"யசோதினி, கொஞ்சம் இங்க வாங்க," என்றார் கஜலட்சுமி.

"நான் திருடுறதா இருந்தா சொல்லிட்டுத்தான் திருடுவேன்," என்றபடி எழுத்தாளர் விறுவிறுவென்று நேரே நடந்து வந்தார். பலகை முனகியது. திரையில் பழைய படத்தின் மேல் கெமரா இப்போது காட்டிய காட்சி விலகி விழ, கிணறு இரண்டாகத் தெரிந்தது. ரவிகுமார் கண்களை மூடிக்கொண்டான்.

"பார்த்தியா அஹ்னாப்? இவங்க எடுத்திருந்தா அந்தக் கடைசிப் படமும் இப்படித்தான் இருந்திருக்கும். எடுத்தவருக்கு இந்தத் தரை மனப்பாடம். சிந்துஜா ஹோட்டல்ல இருந்தாங்க."

"அப்போ எதுக்கு மேடம் படம் எடுக்கணும்? திருடினா ஓட வேண்டியதுதானே?"

"திருடினவருக்கு இந்தச் சினிமா நிக்கக் கூடாது. கம்பியைக் கழற்றி, நிதானமா எடுத்த படம் இது. அவருக்கு வேண்டிய முடிவே அந்தக் காலிக் கிணறுதான்."

கூரையில் குரங்குகள் மறுபடி ஓடின. ரவிகுமார் தன் பையிலிருந்து துவாயில் சுற்றிய பொம்மையை எடுத்து, கசங்காமல் மேசையில் வைத்தான்.

"ஏன்டா?" என்றாள் சிந்துஜா.

"எங்கம்மா குவைத்துக்குப் போய்த் திரும்பி வரவே இல்லக்கா, வந்துடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்குப் பொய் சொல்லாதது இந்தப் புத்தகம் மட்டும்தான்."