வெளுக்காத பவளக் கிளை

அந்தத் தீவில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "உன் மார்க்கா எங்கே?"

நண்டுக் கூண்டை இறக்குவதற்கென்று ஒவ்வொரு குடும்பமும் கடலில் வைத்திருக்கும் இடமே மார்க்கா. கரையில் தெரியும் அடையாளங்கள் இரண்டிரண்டாக ஒரே கோட்டில் வருவதைக் கொண்டு அதைக் கண்டுபிடிப்பார்கள். பெற்றவர் பிள்ளையின் காதில் மட்டும் சொல்லிவைப்பார். கேட்பது அநாகரிகம். ஊர் நடுவில் சொல்வதோ, யாரும் செய்யாத காரியம்.

எலியானாவின் அப்பா குளிர்காலத் தொடக்கத்தில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அவருடைய மார்க்கா பதினொரு வயது எலியானா ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பாவிடமிருந்து தனக்கு மிஞ்சியது அது மட்டுமே என்று அவள் நினைத்தாள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தொடுவானில் பெரிய கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. கடலின் அடித்தரையையே வழித்து அள்ளும் வலைகள் அவற்றில் இருந்தன. அபூர்வமான பவளம் அந்தக் கடலடியில் உயிரோடு வளர்கிறது என்று காட்டினால், அரசாங்கம் அந்த வலைகளைத் தடுக்கும். அதற்காகத்தான் கடல் ஆய்வாளர் டாக்டர் மீரெயா தீவுக்கு வந்திருந்தார்.

கூண்டுக் கயிற்றில் சிக்கி வந்த பவளங்களை ஊரார் அவருடைய மேசையில் குவித்தார்கள். எல்லாமே பிளீச்சிங் நீரில் ஊறி, வாசலில் அழகுக்காகத் தொங்கி, பளிச்சென்று வெளுத்தவை.

"என் குளியலறைகூட இவ்வளவு சுத்தமா இல்ல," என்றார் டாக்டர் சோர்வாக. "தோலும் போச்சு, சதையும் போச்சு."

"வெளுக்கலேன்னா வீடே நாறும் டாக்டரம்மா," என்றார் எலியானாவின் சித்தப்பா துலியோ. "நீங்க வந்து மோந்துகிட்டு உக்காருவீங்களா?"

"நாறுறதா ஒண்ணு கொடுங்க, உக்காருறேன்."

எலியானா மெல்லக் கேட்டாள். "தோல் எதுக்கு டாக்டரம்மா?"

"ரெண்டு வகை இருக்கும்மா. பார்க்க அக்கா தங்கச்சி மாதிரியே இருக்கும். ஒண்ணு பல கடல்ல கிடைக்கும், இன்னொண்ணு அபூர்வம். தோலுக்குள்ள மணல் மாதிரி குட்டி எலும்புங்க இருக்கு. அதோட வடிவம் பாதி விஷயத்தச் சொல்லும். மீதிய சதையில இருக்கிற மரபணுதான் சொல்லணும்."

எலியானா வீட்டுக்கு ஓடினாள். உறைபெட்டியில், கூண்டுக்கான இரை மீன்களுக்கு அடியில், ஆரஞ்சு நிறக் கிளை ஒன்று கிடந்தது. அப்பாவின் கூண்டுக் கயிற்றில் கடைசியாகச் சிக்கி வந்தது. வெளுக்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. அதன்பிறகு அதை யாரும் தொடவுமில்லை.

"அதையா எடுக்கிற?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

கிளையைச் சுற்ற அம்மா ஒரு துண்டை நீட்டினாள்.

நுண்ணோக்கியில் குனிந்த டாக்டர் நெடுநேரம் நிமிரவில்லை. "குட்டி எலும்பெல்லாம் முள்ளுமுள்ளா இருக்கு. அந்த அபூர்வ வகையாத்தான் தோணுது. ஆனா தோணினா போதாதே." சதையில் ஒரு துணுக்கை வெட்டி, கப்பல் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

குளிர்காலம் முடியும் வேளையில் பதில் வந்தது. மீனவர் கொட்டகையில் ஊரே கூடியது.

"அதே வகைதான்," என்றார் டாக்டர். "ஆனா அது எங்க வளருதுன்னு தெரியாம, எந்த அதிகாரியும் வரைபடத்துல தடைக் கோடு போட மாட்டாங்க."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் அந்த ஊர் பழகிவிட்டது. தகரக் கூரையில் மழை இரைந்தது. எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துலியோ எலியானாவின் பக்கம் சாய்ந்தார். "வாயைத் திறக்காத கண்ணு. சொன்னா அந்த இடத்தையே மூடிடுவாங்க, அப்புறம் நாமளும் அங்க கூண்டு போட முடியாது. உங்கப்பா உனக்குன்னு விட்டுட்டுப் போன இடம்."

"தெரியும் சித்தப்பா. அந்த வலை வந்து வழிச்சிட்டுப் போனா, அப்ப மட்டும் அது அப்பாவோட இடமா இருக்குமா?"

துலியோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

எலியானா எழுந்து நின்றாள். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எங்கப்பா மார்க்காவச் சொல்றேன். வடக்குப் பாறையோட பிளவுக்கு நேரா மலை உச்சி தெரியணும். இந்தப் பக்கம், கலங்கரை விளக்கும் கல்லறைச் சிலுவையும் ஒண்ணா சேரணும். அங்கதான் அது வளருது."