பச்சைப் பட்டை

ஆளில்லாத கோலுக்குள் பந்தை அடிக்கப் போன நீலன், பந்தை விட்டுவிட்டு வெறும் காற்றை உதைத்து மல்லாக்க விழுந்தது. முத்துமிதவை மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண்மணி பின்னால் திரும்பி, இன்னும் நாலைந்து ஆட்டம் போனால் சரியாகிவிடும், பாவம், அவசரப்படுத்தக் கூடாது என்றார். நீலன் எழுந்து, முதுகில் ஒட்டிய புல்லோடு மறுபடி ஓடத் தொடங்கியது.

இதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நீலன் ஒரு பழகுபொறி. கன்னியாகுமரிக் கரையில் கடல் ஊருக்குள் வந்துவிட்ட பிறகு, ஊரெல்லாம் இரும்புத் தெப்பங்களில் ஏறிக் கடலுக்குள் போய்விட்ட காலம் அது. வீடு, மாதா கோயில், மீன் சந்தை எல்லாம் மிதந்தன. கால்பந்து மைதானத்தைத்தான் முதலில் மிதக்கவிட்டார்கள்; கோயில்கூட அடுத்த வருஷம்தான். அந்த மிதவை நகர்களுக்குள் நடக்கும் லீக் ஆட்டம்தான் அங்கே மழை, வெயில் மாதிரி எல்லாரும் பேசுகிற விஷயம்.

ஆரம்பத்தில் எல்லாம் தெரிந்த பொறிகளை இறக்கி ஆடவிட்டுப் பார்த்தார்கள். ஒன்று போடும் கணக்கை இன்னொன்று முன்பே போட்டுவிட்டதால் ஒரு ஆட்டத்திலும் கோல் விழவில்லை. ஜனம் மைதானத்திலேயே தூங்கியது. பிறகுதான் இந்த விதி வந்தது. ஒவ்வொரு அணியிலும் ஒன்றுமே தெரியாமல் ஆலையிலிருந்து வருகிற ஒரு பொறி ஆட வேண்டும். பார்த்தும் கேட்டும் அது பழகிக்கொள்ளும். கூடவே இருபது வயது நிரம்பாத ஒரு இளைஞனும் ஆட வேண்டும். மற்றவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அந்த இளைஞன் அடுத்த ஆண்டும் லீக்கில் இருக்கலாமா வேண்டாமா என்பதைக் கடைசி ஆட்டத்தில் ரசிகர்கள் வாக்குப் போட்டு முடிவு செய்வார்கள். பொறிக்கும் வாக்குப் போடலாமே என்று யாரோ கேட்டதற்கு, கற்றுக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு இப்போதே மதிப்பெண் போடுவது நியாயமா என்று ரசிகர்களே சண்டைக்குப் போய்விட்டார்கள்.

முத்துமிதவை அணியின் இளைஞன் அஜின். நீலன் காற்றை உதைத்த அதே ஆட்டத்தில், இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு அவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. வேறொருவன் என்றால் அது கம்பத்துக்கு அருகில்கூடப் போயிருக்காது. ஆனால் மைதானம் சோறுதானே தின்கிறாய் என்று கேட்டது. போய் வலை பின்னு என்றது. அந்தக் கூச்சலுக்கெல்லாம் மேலே ஒரு குரல் தனியாகக் கேட்டது. அது அவனுடைய அப்பா கிளாட்சனின் குரல்.

கிளாட்சன் உப்புநீக்கி ஆலையில் வேலை பார்ப்பவர். கெட்டவர் இல்லை. மகன் மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த உயிரைத் தொண்டை வழியாகத்தான் வெளியே விடத் தெரியும், அவ்வளவுதான். வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த சமையற்பொறி மீன்குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டால் அவர் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். "புதுசுல்லா, பழகட்டும்" என்பார். அதே பந்தியில் மகன் பக்கம் திரும்பி, அந்தக் கம்பத்தில் அடித்த பந்தைப் பற்றி ஆரம்பித்தால் மோர் ஊற்றும் வரைக்கும் விடமாட்டார்.

அஜினின் ஆட்டம் வாரத்துக்கு வாரம் தேய்ந்தது. பந்து அவனிடம் வந்ததும், திட்டு வருவதற்குள் அதை யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று கால் நினைத்தது. மைதானத்தில் இறங்கினால் கால் தன் சொல்லைக் கேட்கவில்லை என்று அவன் பயிற்சியாளர் டெல்பினிடம் வந்து அழாத குறையாகச் சொன்னான். இந்த ஆண்டோடு லீக்கிலிருந்து வெளியே போனால், அப்பாவுக்குப் பக்கத்திலேயே உப்பு அள்ள வேண்டியதுதான். டெல்பின் ஒரு காலத்தில் கோல்கீப்பராக இருந்தவள். வருகிற பந்தை நேராகப் பார்த்துப் பழகியவள். வாதம் செய்வதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

"ஒரே ஒரு ஆட்டம் நீ நீலனா ஆடு" என்றாள்.

"அப்பம் நீலன்?"

"அது நீயா ஆடட்டும். அதுக்கென்ன, வெக்கமா மானமா?"

செய்வது சுலபமாகத்தான் இருந்தது. நடுக்கடல் வெயில் தோலை உரித்துவிடும் என்பதால் எல்லா ஆட்டக்காரர்களும் தலையும் முகமும் மூடுகிற வெயில்மூடியும் கைகால் மறைக்கும் உடையும் போட்டுத்தான் ஆடுவார்கள். யாருக்கும் எலும்பு உடைந்துவிடக் கூடாதென்று பழகுபொறிக்கும் மெத்தென்ற உடம்பு, ஒரு பையனின் உயரம். ஜெர்சி எண்ணும், பொறியின் இடது கையில் கட்டுகிற பச்சைப் பட்டையும்தான் அடையாளம். அஜின் நீலனின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பட்டையைக் கட்டினான். நீலன் அஜினின் பத்தொன்பதாம் எண்ணைப் போட்டுக்கொண்டு, ஏன் என்று கேட்காமல் கிளம்பியது. கூட ஆடுபவர்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்கள். அவர்களும் ஒரு காலத்தில் பத்தொன்பது வயதைத் தாண்டி வந்தவர்கள்தானே.

தன் காலுக்கு வந்த முதல் பந்தையே அஜின் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டான். விழப்போகிற அடிக்குத் தயாராகிறவன் மாதிரி தோளைச் சுருக்கிக்கொண்டான். கைதட்டல் கேட்டது. யாருக்கு என்று திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை.

"விடு மக்கா, விடு. அடுத்தது பாத்துக்கிடலாம்" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது கிளாட்சன். மைதானத்தில் அப்பா தன்னை மக்கா என்று கூப்பிட்டு அஜின் கேட்டதே இல்லை. வெயில்மூடிக்குள் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமும் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது. அதற்குப் பிறகு அவன் ஆடிய ஆட்டம் வேறு. கனவில் மட்டும் செய்து பார்த்ததையெல்லாம் செய்தான். இடது காலின் வெளிப்பக்கத்தால் வளைத்து அடித்தான், அது ஆகாயத்துக்குப் போனது. முயற்சி செய்கிறதே என்று ஜனம் உருகியது. மறுபடி அடித்தான், கோல்கீப்பர் தடுத்தான். மூன்றாவது முறை பந்து வலைக்குள் போய் விழுந்தது.

ஒரு ஆட்டம் என்று தொடங்கியது ஒன்றோடு நிற்குமா? அடுத்த ஆட்டத்துக்கும் அஜின் பட்டையைக் கேட்டான், அதற்கடுத்ததற்கும் கேட்டான். நீலனின் பெயரில் கோல்கள் குவிந்தன. எவ்வளவு பொறுமையாக இருந்தோம், பலன் கிடைத்துவிட்டதே என்று ஊர் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டது.

உண்மையான நீலனும் பழகிக்கொண்டுதான் இருந்தது. அதன் வேலையே அதுதானே. முதல் ஆட்டத்தில் பந்து எங்கே போனாலும் பின்னாலேயே ஓடியது. திட்டு விழ விழ, பந்து வரும் திசையிலிருந்து மெல்ல விலகி நிற்கக் கற்றுக்கொண்டது. வந்த பந்தையும் உடனே பின்னால் இருந்த கோல்கீப்பருக்கே தள்ளியது. தவறு செய்ததும் தலையைக் குனிந்து, அவிழாத காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டியது. ஒருநாள் டெல்பின் பக்கவாட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதத்து அஜின் அப்படியே அங்கே நின்றிருந்தான்.

அவள் அன்றே அஜினைக் கூப்பிட்டு, ரசிகர் கணிப்பில் அவன் பெயர்தான் லீக்கிலேயே கடைசியில் கிடக்கிறது, இனியாவது சொந்தச் சட்டையைப் போட்டு ஆடு என்றாள். அவன் மாட்டேன் என்றான். அந்தச் சட்டையைப் போட்டால் கால் மறுபடி பழையபடி ஆகிவிடும் என்று பயந்தான். சட்டையை மாற்றினால் ஆட்டம் போய்விடும். மாற்றாவிட்டால் லீக்கே போய்விடும். கடைசி ஆட்டம் வரைக்கும் அவனால் முடிவெடுக்க முடியவில்லை.

கடைசி ஆட்டம் சங்குமிதவை அணியோடு. ஆட்டம் முடிகிற விசிலோடு வாக்கும் மூடிவிடும். ஆளுக்கு ஒரு கோல் என்று சமமாக இருந்தபோது, கடைசி நேரத்தில் அஜினிடம் பந்து வந்தது. மைதானம் அலையில் லேசாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வையே துணையாக வைத்துக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டி, கோல்கீப்பரை ஒரு பக்கம் விழவைத்து, மறுபக்கம் பந்தை மெல்ல உருட்டிவிட்டான். மைதானமே நீலன், நீலன் என்று அதிர்ந்தது. அதற்கு நடுவே கிளாட்சன், தூரத்தில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்த பத்தொன்பதாம் எண்ணைப் பார்த்துக் கத்தினார்.

"லே அஜினே, அந்த மெசினப் பாத்தாவது படிலே."

அஜின் நேராக முன்வரிசைக்கு நடந்து வந்தான். அப்பாவுக்கு எதிரில் நின்று வெயில்மூடியைக் கழற்றினான்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றான்.

டெல்பின் போய்ப் பத்தொன்பதாம் எண்ணின் மூடியைக் கழற்றினாள். உள்ளே கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்ணாடி வில்லைகள் மினுங்கின. எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது.

வாக்கு மூட இன்னும் கொஞ்சம் நேரம் இருந்ததால் எல்லாரும் அவசரமாக அஜினுக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டும் அவன் லீக்கில் ஆடலாம். நீங்கள் இவ்வளவு நேரம் அதற்குத்தானே கவலைப்பட்டீர்கள்? ஊர் அதற்குக் கவலைப்படவில்லை. வாக்கைப் போட்டு முடித்த கையோடு, முன்வரிசைப் பெண்மணி வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயோ, அப்பம் இத்தன நாளா நாம ஏசுனது நீலனையா?"

அந்தக் கேள்வி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒன்றும் தெரியாத ஒரு பொறியைப் போய் அப்படிப் பேசிவிட்டோமே என்று ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். ஒரு பழகுபொறியை மனிதன் என்ற பெயரில் நிறுத்தி மனம் நோகவைத்த குற்றத்துக்காக லீக் நிர்வாகம் டெல்பினைச் சில ஆட்டங்களுக்கு விலக்கி வைத்தது. அதே பேச்சையெல்லாம் முதல் பாதி ஆண்டு முழுக்க ஒரு மனிதன் கேட்டானே என்று டெல்பின் எடுத்துச் சொன்னாள். அது வேறு விஷயம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஊரே மைதானத்தில் வரிசையில் நின்றது. நடுவில் ஒரு நாற்காலியில் நீலன் உட்கார்ந்திருந்தது. கழுத்து நிறைய மாலைகள். பிள்ளைகள் படம் வரைந்து கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்கள். நாற்காலிக்குப் பின்னால் அஜின் நின்றிருந்தான். மாலைகள் கனத்துச் சரிந்தால் எடுத்து வைக்க ஒரு ஆள் வேண்டுமே.

கிளாட்சனின் முறை வந்தது. கையில் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து. நீலனுக்கு வாய் கிடையாது என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. மைதானத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல் பக்கத்தில் வந்ததும், நீலன் தலையைக் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தது. கிளாட்சனுக்குத் தாங்கவில்லை. மண்டியிட்டு அதன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசுல வச்சுக்கிடாத மக்கா" என்றார் குரல் உடைந்து. "எனக்க மவன்னு நெனச்சு ஏசிட்டேன்."

பின்னால் நின்ற அஜினும் தலையைக் குனிந்திருந்தான். கிளாட்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அவனைப் பார்த்தார்.

"என்னலே சும்மா நிக்க? மாலை சரியுது பாரு" என்றார். "நேத்து முதப் பாதியில ஒரு பந்த வெளிய அடிச்சியே, கண்ணு எங்க கெடந்துது ஒனக்கு?"